நூறாவது விழிப்பு

அந்த ஆஸ்பத்திரியில் பெண்களின் வயிற்றைத் திறப்பதும் எளிது, தைப்பதும் எளிது. தைத்த வயிறு மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று எழுத்தில் நிரூபிப்பதுதான் பெரும்பாடு. அதற்கென்றே மூன்றாம் மாடியில் ஒரு துறை இயங்கியது. ‘மகளிர் செரிமான மீட்பு மற்றும் குடல் விழிப்புத் துறை’ என்று வாசலில் பலகை. பலகை கதவைவிட நீளமாகப் போய்விட்டதால் கடைசி இரண்டு சொற்களைப் பக்கத்துச் சுவரில் திருப்பி மாட்டியிருந்தார்கள்.

விஷயம் என்னவோ சின்னதுதான். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தால் குடல் கோபித்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் படுத்துவிடும். அது எழுந்துவிட்டதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. பிரிந்தால் சாப்பாடு உண்டு, வீடு உண்டு. பிரியாவிட்டால் கையில் சொட்டு மருந்து ஊசியோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மற்ற இடங்களில் நர்ஸ் வந்து “கேஸ் போச்சாம்மா?” என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு போய்விடுவார். இந்தத் துறை அதற்குப் பதினாறு பக்கத்துக்கு விதிமுறை அச்சிட்டு வைத்திருந்தது.

விதிமுறைப்படி யாரும் அதைக் காற்று என்று சொல்லக் கூடாது. ‘விழிப்பு’ என்று சொல்ல வேண்டும். விழிப்பு நேர்ந்ததும் பதிவேட்டு நர்ஸ் மேசை மேலிருக்கும் பித்தளை மணியை மூன்று முறை அடிப்பார். வார்டு முழுக்கக் கைதட்டும். பிறகு நேரம், ஒலியின் தன்மை, சாட்சியின் கையெழுத்து எல்லாம் பதிவேட்டில் ஏறும். சாட்சி எதற்கு என்றால் அது ஏழாம் விதி. பெண்கள் வெட்கத்தால் மறைப்பார்கள், பசி வந்தால் பொய் சொல்வார்கள், எனவே நோயாளியின் சொல்லை மட்டும் வைத்துப் பதியக் கூடாது, கணவரோ ரத்த உறவோ காதால் கேட்டுக் கையெழுத்திட வேண்டும் என்றது அந்த விதி. இரண்டாம் மாடியில் ஆண்கள் வார்டும் இருந்தது. அங்கே பதிவேடு கிடையாது. ஏன் என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டபோது துறைத் தலைவர் எழுந்து, “ஆண்கள் விஷயத்துல தகவல் தானாவே வந்து சேர்ந்துடுது” என்று விளக்கிவிட்டு உட்கார்ந்தார்.

இந்தத் துறையின் பதினான்காம் நம்பர் படுக்கைக்குத்தான் தையலக்கா வந்து சேர்ந்தாள். அக்கம்பக்கத்தில் பாதிப் பெண்களின் ரவிக்கை அவள் மெஷினில் பிறந்ததுதான். ஏழு வருடமாகக் கர்ப்பப்பைக் கட்டியைச் சுமந்துகொண்டே பெடலை மிதித்தாள். இனி முடியாது என்று ஆனதும் திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டியையும் கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கண் விழித்ததும் அவள் முதலில் தடவிப் பார்த்தது கைப்பையில் இருந்த இஞ்சு டேப்பை. அது இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது.

கூடத் துணைக்கு இருந்தவர் அவள் கணவர். ஊரில் அவரை முத்திரைக்காரர் என்பார்கள். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து அரசாங்க முத்திரை குத்துகிற ஆய்வாளர். கால் கிராம் பிசகினாலும் முத்திரை விழாது. மளிகைக்கடைக்காரர் கெஞ்சினாலும் விழாது, மச்சினன் கெஞ்சினாலும் விழாது. அந்த ஒரு குணத்துக்காகத் தையலக்கா அவருடைய மற்ற இருபது குணங்களைப் பொறுத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தினாள். “எங்க வீட்டுக்காரருக்குப் பொய் மட்டும் வராது” என்று தைக்க வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவாள். அவருக்கும் மனைவியைப் பற்றி ஒரு பெருமை உண்டு. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவள் வயிறு தன் முன்னால் வாய் திறந்ததில்லை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வார். அப்படி வாய் திறக்காமல் இருப்பதற்கு அவள் எத்தனை முறை அடுப்படிக்கும் கொல்லைக்கும் எழுந்து போயிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

துறையின் பெருமை நாற்பத்தெட்டு மணி நேரம். ‘நாற்பத்தெட்டில் விழிப்பு’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இதுவரை தொண்ணூற்றொன்பது பெண்கள் வரிசையாக அதற்குள் விழித்திருந்தார்கள். தையலக்கா நூறாவது. இது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே விழாவுக்குப் பந்தல்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

நூறாவது ஆள் என்பதால் கவனிப்பு பலமாக இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை எல்லோருக்கும் சூயிங்கம் கொடுப்பார்கள். மென்றால் குடல், சாப்பாடு வருகிறது என்று ஏமாந்து எழுந்துவிடும் என்பது கணக்கு. அதில் தப்பில்லை, நல்ல வைத்தியம்தான். ஆனால் இங்கே அதை வாத்தியார் மாதிரி ஒருவர் எதிரில் நின்று கைதட்டி நடத்துவார். “ஒண்ணு, ரெண்டு, வலது பக்கம். ஒண்ணு, ரெண்டு, இடது பக்கம். ஊதக் கூடாதும்மா, முட்டை விடக் கூடாது!” இருபது பெண்கள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே தாளத்தில் மென்றார்கள். சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் யாரும் சிரிக்கவில்லை.

பதினைந்தாம் படுக்கையில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். அவருக்கும் அதே ஆபரேஷன், ஒரு நாள் பிந்தி. வார்டில் எல்லோரும் கண்டக்டரம்மா என்பார்கள்.

“சாட்சி இல்லாம வந்தா என்னம்மா பண்ணுவாங்க?” என்று தையலக்கா கேட்டாள்.

“அது டிக்கெட் எடுக்காத பயணம் மாதிரி. இறக்கி விட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து வரச் சொல்லுவாங்க” என்றார் கண்டக்டரம்மா.

செவ்வாய்க்கிழமை காலையில் தையலக்கா கட்டுக்கு மேலேயே டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். முப்பத்தெட்டு. புதன்கிழமை காலையில் முப்பத்தொன்பதரை. வயிறு உப்பிக்கொண்டு வந்தது, உள்ளே ஒரு அசைவும் இல்லை.

புதன்கிழமை மூன்று மணிக்குப் பார்வையாளர் நேரம். முத்திரைக்காரர் வெளியே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தையலக்கா சுவர்ப் பக்கம் ஒருக்களித்துக் கண்ணை மூடிக் கிடந்தாள். வலி மருந்தில் உடம்பு அசந்திருந்தது, தூக்கம் வரவில்லை. மூன்று இருபதுக்குத் துறைத் தலைவர் பதிவேட்டு நர்ஸையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு படுக்கையருகே வந்து நின்று, கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாப்பத்தாறு மணி நேரம் இருபது நிமிஷம் ஆச்சு” என்றார். “இன்னும் நூறு நிமிஷம்தான் இருக்கு.”

எல்லோரும் பேசாமல் நின்றார்கள். அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாத சத்தம். ஸ்டூலிலிருந்து வந்தது.

பதிவேட்டு நர்ஸின் பேனா சட்டென்று நிமிர்ந்தது. “யாரு?” என்றார்.

ஆறு பேர் முத்திரைக்காரரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஏறிய சிவப்பு காது வரைக்கும் போனது. பிறகு, கண்ணை மூடிக் கிடக்கிற மனைவியின் முதுகைப் பார்த்து, தலையை லேசாக அந்தப் பக்கம் ஆட்டினார்.

மணி மூன்று முறை அடித்தது. வார்டு கைதட்டியது. துறைத் தலைவர் முத்திரைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நேரம் மூணு இருபது. தன்மை?” என்றார் நர்ஸ்.

“நல்லா… தெளிவா” என்றார் முத்திரைக்காரர்.

“சாட்சி, கணவர்தானே? இங்க ஒரு கையெழுத்து.”

பேனா காகிதத்தில் உரசிய சத்தம் தையலக்காவுக்குக் கேட்டது. அந்தக் கையெழுத்துக்காக எத்தனையோ கடைக்காரர்கள் வெயிலில் வரிசையில் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். இப்போதே எழுந்து சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அத்தனை பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. கூட்டம் கலைந்ததும் அவரே போய்த் திருத்திவிடுவார், அவருக்குத்தான் பொய் வராதே என்று நம்பினாள்.

கூட்டம் கலைந்தது. அவர் அவளை எழுப்பவில்லை. ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தானே தின்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே சொட்டு மருந்தைக் கழற்றினார்கள். சூயிங்கமும் நின்றது. விழித்தவர்களுக்கு மெல்லும் பொருள் வழங்கக் கூடாது என்று பத்தாம் விதி. நடைப்பயிற்சிப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். பதிலாக ரொட்டியும் முட்டையும் பாலும் ஒரு தட்டு நிறைய வந்தது. தையலக்கா இரண்டு வாய் சாப்பிட்டாள். அதற்கே வயிறு கல்லாகி நெஞ்சுக்கு ஏறியது, பக்கத்தில் இருந்த பாத்திரத்தில் கக்கிவிட்டாள்.

“என்னங்க, அது நான் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே.

முத்திரைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். “முழிச்சிருந்தியா நீ?”

“முழிச்சுதான் இருந்தேன்.”

“சரி விடு. ஒரு சின்ன விஷயம். இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு உனக்கும் வரத்தானே போகுது? கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டாங்க, அவ்வளவுதான்.”

“எனக்குச் சாப்பாடு இறங்கலைங்க. உள்ள ஒண்ணும் அசையல. அது எழுதியிருக்கிறதால யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்க போய் ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“என்னன்னு போய்ச் சொல்றது? அது நான்தான்னா? அந்த மனுஷன் என் கையைப் பிடிச்சுக் குலுக்கியிருக்காருடி!”

அவள் கக்கிய பாத்திரத்தை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவருக்கே சங்கடமாகிவிட்டது. “காலையில சொல்லிடறேன். முதல் வேலையா சொல்லிடறேன், போதுமா?” என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் கை வைத்தது அவள் தலைமேல்தான்.

வியாழக்கிழமை காலையில் டேப் நாற்பத்தொன்று காட்டியது. பயிற்சி டாக்டரம்மா ஒருத்தி வந்தாள். சின்ன வயசு, படித்தது மறக்காத வயசு. ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் நாலு இடத்தில் வைத்துக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். பிறகு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

“சத்தமே இல்லையே. ஆனா தெளிவா வந்திருக்குன்னு போட்டிருக்கே” என்று ஸ்டெதஸ்கோப்பைத் தட்டிப் பார்த்தாள்.

“அது ரிப்பேர் இல்லம்மா” என்றாள் தையலக்கா. டேப்பில் நூலால் முடிச்சுப் போட்டு வைத்திருந்த மூன்று இடங்களைக் காட்டினாள்.

டாக்டரம்மா முடிச்சுகளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தட்டுல வர்றதைச் சாப்பிடாதீங்க. ஒரு வாய், ரெண்டு வாய் தண்ணி மட்டும். மெல்ல எழுந்து நடங்க. சூயிங்கம் கிடைச்சா மெல்லுங்க. நான் டிரிப்ஸ் போட்டுடறேன். விழிப்புக்குன்னு எழுத முடியாது, உடம்பு வறட்சிக்குன்னு எழுதிக்கறேன். பெரியவர்கிட்டயும் சொல்றேன்.”

சொன்னாள். அதன் பலனாக ஒரு மணி நேரத்தில் பதினான்காம் படுக்கைக்கு விசாரணைக் குழு வந்தது. துறைத் தலைவர் சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டச் சொன்னார். சிவப்புக் கோடு ஒன்று மாடிப்படி மாதிரி மேலே ஏறிக்கொண்டு போனது.

“அம்மா, உங்க வயித்தை நாங்க மதிக்கிறோம்” என்று தொடங்கினார். “ஆனா வயிறுங்கிறது ஒரு தனிப்பட்ட கருத்து. பதிவேடு பொது ஆவணம். தொண்ணூத்தொம்பது பெண்கள் வயிறு எங்களோட ஒத்துழைச்சிருக்கு. அதுல சில பேருக்கு நாற்காலி கிறீச்சிட்டிருக்கலாம், கதவு திறந்திருக்கலாம், அதையெல்லாம் நாங்க நோண்டல. ஏன்? நம்பிக்கை! இந்தக் கோட்டைப் பாருங்க. மூணு மாசமா இறங்கினதே இல்ல. இது இறங்கிடுமோன்னு நெனச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது. உங்களுக்கு இருக்கிறது வெறும் உப்புசம்.”

“எனக்கு நாப்பத்தோரு இஞ்சு இருக்குங்க ஐயா. செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டு.”

“இஞ்சுக் கணக்கு எங்க படிவத்துல இல்ல” என்றார் தலைவர். “சரி, சாட்சியைக் கேட்போம். நீங்க சொல்லுங்க சார். நீங்க முத்திரை போடுற அதிகாரி. உங்க வார்த்தைக்கு மேல வார்த்தை இல்ல. புதன்கிழமை மூணு இருபதுக்கு என்ன கேட்டீங்க?”

தையலக்கா கணவரின் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடுவார் என்று இன்னமும் நம்பினாள். அவள் வயிறு முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

முத்திரைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவன் சார் நான். எனக்குத் தெரியாதா? அவளோடதுதான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, தலைவரிடம் பணிவாகக் குனிந்து சொன்னார். “அவளுக்கு இன்னும் மயக்கம் தெளியல சார். அதான் என்னென்னவோ பேசறா.”

“பாவம்” என்றார் தலைவர். ‘மயக்கம் முழுதும் தெளியவில்லை, பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று நர்ஸ் அட்டையில் எழுதிக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டார்.

ஆபரேஷன் வலியைத் தையலக்கா பல்லைக் கடித்துத் தாங்கியவள். இதைத் தாங்க முடியவில்லை. வயிற்றைக் கிழித்தவர்கள் முன்கூட்டியே சொல்லி, மயக்க மருந்து கொடுத்துவிட்டுக் கிழித்தார்கள். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சட்டைகளுக்கு அவள் இத்தனை வருடம் வைத்துத் தைத்த பொத்தான்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, எல்லாவற்றையும் பிய்த்தெடுக்க வேண்டும் போல் இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் அழுதாள். அழுதால் தையல் வலித்தது, அதனால் அதையும் பாதியில் நிறுத்தினாள்.

பதினைந்தாம் படுக்கையிலிருந்து ஒரு கை நீண்டது. பாதியாகக் கிழித்த சூயிங்கம் இருந்தது அதில்.

“ரெண்டு பேருக்கு ஒரு டிக்கெட்” என்றார் கண்டக்டரம்மா. “மெல்லு. எழுந்திரு, நடக்கலாம். என் பேரு நடைப் பட்டியல்ல இருக்கு, நீ எனக்குத் துணைக்கு வர்ற மாதிரி வா.”

இருவரும் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார்கள். மருந்துக் கிடங்கு வரை ஒரு தடவை, லிப்ட் வரை ஒரு தடவை. சுவரில் சிரிக்கிற குடல் படம் ஒட்டியிருந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்கள். தட்டில் வந்த உணவைக் கண்டக்டரம்மாவைப் பார்க்க வருகிற தங்கை சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டாள். வியாழக்கிழமை முழுக்க இப்படியே போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் டேப் நாற்பதரை காட்டியது. தையலக்கா யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றுக்குள் ஏதோ ஒரு மூலையில் யாரோ பாத்திரத்தை நகர்த்துகிற மாதிரி மெல்லிய சத்தம் கேட்டது.

பத்து மணிக்கு விழா. கீழ்த்தளக் கூடத்தில் பந்தல், தோரணம், ‘நூறாவது விழிப்பு’ என்று பதாகை. மேலிடத்திலிருந்து ஆணையர் ஒருவர் வந்திருந்தார். தையலக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளப் பார்த்தார்கள். நடந்தே வருகிறேன் என்றாள். மூன்று மாடியை லிப்டில் இறங்கி, கூடத்தின் நீளம் முழுக்கச் சூயிங்கத்தை மென்றுகொண்டே நடந்து மேடைக்கு வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு மைக்கையும் ஒரு சீட்டையும் கொடுத்தார்கள். ‘என் விழிப்புக்கு இந்தத் துறையே காரணம், நன்றி’ என்று சீட்டில் எழுதியிருந்தது. பேச அழைக்கிற வரைக்கும் மைக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் முத்திரைக்காரருக்குச் ‘சிறந்த சாட்சி’ என்று கேடயம் கொடுத்தார்கள். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். “கணவன் மனைவிக்குள்ள ரகசியம் கூடாது. உண்மை ஒண்ணுதான் என் தொழில். கால் கிராம் பொய்யைக்கூட நான்…”

அப்போது கூடத்தின் நாலு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. நீளமாக, நிதானமாக, இடையில் மூச்சு வாங்கி மறுபடி தொடர்ந்தது அந்தச் சத்தம். இருபத்திரண்டு வருடமாக அடுப்படிக்கும் கொல்லைக்கும் எழுந்து போனதெல்லாம் சேர்ந்து வந்தது போல இருந்தது. தையலக்காவின் முகத்தில் நாலு நாளாகக் காணாத ஒரு நிம்மதி பரவியது. அவளுக்கு வெட்கமே வரவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மைக்கை மடியிலிருந்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

“இதுதான் என்னோடது” என்றாள். “புதன்கிழமை வந்தது அவரோடது.”

முத்திரைக்காரர் கேடயத்தை இறக்காமலே, “மயக்கம் சார், இன்னும் தெளியாம…” என்றார். அதற்குள் பயிற்சி டாக்டரம்மா மேடைக்கு ஓடிவந்து தையலக்காவின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். “வருது சார்! சத்தம் இப்பதான் வருது! நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்ல!” என்று கத்தினாள். பின்வரிசையில் ஒரு பஸ் விசில் ஊதியது.

ஆணையர் துறைத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப புதன்கிழமை பதிவு?”

“பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாதுன்னு பதினோராம் விதி சார்” என்றார் தலைவர். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. “விழிப்பு இருக்கு சார். ஆள்தான் மாறியிருக்கு.”

“நோயாளி இல்லாம விழிப்பு உண்டா?”

“கிடையாது சார்.”

“அப்ப நோயாளி உண்டு” என்றார் ஆணையர்.

அரசாங்கம் இப்படித்தான் நகர்கிறது. முத்திரைக்காரரின் முன்னால் இரண்டு காகிதங்கள் வைக்கப்பட்டன. ஒன்று, பொய்ச் சாட்சி சொன்னதாக அவருடைய அலுவலகத்துக்குப் போக வேண்டிய கடிதம். மற்றது, அவரை இந்தத் துறையின் நூறாவது நோயாளியாகச் சேர்க்கிற படிவம். ஆணைச் சேர்க்கக் கூடாது என்று பதினாறு பக்கத்தில் எங்கும் இல்லை. எதில் கையெழுத்து வேண்டும் என்று நர்ஸ் பேனாவை நீட்டினார். அவர் தன் முத்திரையை நினைத்துப் பார்த்தார், ஓய்வூதியத்தை நினைத்துப் பார்த்தார், படிவத்தில் கையெழுத்திட்டார். ஆபரேஷன் இல்லாமலே விழித்த முதல் நோயாளி என்று துறைத் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் கூடம் கைதட்டியது. சிவப்புக் கோடு இறங்கவில்லை.

படிவத்தில் சேர்ந்தபின் மற்றதெல்லாம் விதிமுறைப்படி நடந்தது. சேர்க்கைக்கு முன் வந்த விழிப்பு சேர்க்கைக்குத்தான் செல்லும், வீட்டுக்குப் போக இன்னொன்று வேண்டும் என்றார்கள். அது வரைக்கும் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது. பதினாறாம் நம்பர் படுக்கையில் பச்சை அங்கி மாட்டிப் படுக்க வைத்து, கையில் ஊசியும் ஏற்றினார்கள். சாயங்காலம் கைதட்டுக்காரர் வந்து, “ஒண்ணு, ரெண்டு, வலது பக்கம்” என்றார். முத்திரைக்காரர் மென்றார்.

அவர் என்ன முயன்றும் வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வேண்டும் என்று நினைக்கிறபோது அது வராது, இதைத் தையலக்காவுக்கு நாலு நாளாகத் தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணி. தையலக்காவுக்கு வீட்டுக்குப் போகச் சீட்டு எழுதியாகிவிட்டது. டேப் முப்பத்தெட்டே முக்கால். கூட்டிக்கொண்டு போகக் கண்டக்டரம்மாவின் தங்கை வாசலில் நின்றாள். கிளம்புவதற்கு முன் கொடுத்த ஒரு கிண்ணம் காய்கறிச் சூப்போடு பதினாறாம் படுக்கைக்குப் பக்கத்தில், அதே ஸ்டூலில், தையலக்கா உட்கார்ந்திருந்தாள். முத்திரைக்காரர் சூப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“ஒரு வாய் குடுடி” என்றார் மெல்ல.

“விதி இருக்குங்க” என்றாள்.

“தப்புதான். ஒத்துக்கறேன். அத்தனை பேர் பார்க்கறப்ப வாய்ல அப்படி வந்துடுச்சு.”

“புதன்கிழமை வாய்ல ஒண்ணும் வரலைங்க. தலைய மட்டும் ஆட்டுனீங்க. அதை நான் மறந்திருப்பேன்” என்றாள் தையலக்கா. “வியாழக்கிழமை நான் உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் வாயால சொன்னீங்க.”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அது வந்துவிட்டது. புதன்கிழமை வந்ததைவிடப் பெரிய சத்தம். கண்டக்டரம்மா படுக்கையில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். முத்திரைக்காரரின் கண்ணில் தண்ணீர் வந்தது, சந்தோஷத்தில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதிவேட்டு நர்ஸ் ஒரு கையை மணியில் வைத்துக்கொண்டு, மறு கையில் பேனாவோடு ஓடிவந்தார். “ஏழாம் விதிப்படி நோயாளி சொல்றது செல்லாது. சாட்சி மனைவிதானே? அக்கா, கேட்டுச்சா?”

வார்டே தையலக்காவைப் பார்த்தது. அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வியாழக்கிழமை அவள் பார்த்த மாதிரி. அந்தப் பார்வை அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கையை அவரிடமிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே சிஸ்டர்” என்றாள். “இன்னும் மயக்கம் தெளியல போல இருக்கு.”